மூச்சு விடுபவர், மற்றவர்

குளிர்காலத்தில் எங்கள் ஊரிலிருந்து மலையைக் கடக்கிற காருக்குள் ஒருவர்தான் மூச்சு விடலாம். இரண்டு பேர் விட்டால் முன் கண்ணாடி உள்பக்கமாக உறைந்துவிடும். கண்ணாடி உறைந்தால் றோட்டுத் தெரியாது. றோட்டுத் தெரியாவிட்டால் பள்ளம். இதில் விவாதிக்க எதுவும் இல்லை. நானும் விவாதித்ததில்லை. பதினாறு வருடமாக மலைக்கு இந்தப் பக்கத்திலேயே இருந்தேன். நாங்கள் வேலை செய்கிற மீன் தொழிற்சாலை வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

நவம்பர் கடைசியில் மலைக்கு அந்தப் பக்கத்து வைத்தியசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் என் மனைவி நேசமலருக்கு. அவளுக்கு நெஞ்சு சரியில்லை. மாடிக்கு ஏறும்போது ஆறாவது படியில் நிற்பாள். எதையோ மறந்தவள் போல நிற்பாள். பிறகு ஏறுவாள்.

டிசம்பர் ஒன்பது, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு வரவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. தவறினால் அவளுக்கு மாற்ற வைத்திருக்கும் சுவாசப்பை வேறொருவருக்கு ஒதுக்கப்படும். கடைசி வரியில், குளிர்காலத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டு வரவும் என்று எழுதியிருந்தது.

"என்னையோ, காரையோ?" என்று மலர் கேட்டாள்.

நான் மறுபடி படித்துப் பார்த்தேன்.

"காரைத்தான்."

"அப்ப குலத்திட்டக் கொண்டுபோங்கோ" என்றாள்.

இரண்டு பேரும் போனோம்.

குலசேகரத்தின் கராஜ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அவன் ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து காருக்குக் கீழே படுத்திருக்கிறான். குளிர்காலத்துக்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஒரு கார் வெளியே போகும்போதே அடுத்த கார் அவன்மேல் வந்து நின்றுவிடும். இடையில் எழும்ப அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவனுடைய முகம் எனக்கு மறந்துவிட்டது. கால்களைப் பார்த்தால் அடையாளம் தெரியும்.

"ஆர், பேரின்பம் அண்ணையோ?" என்று கால்கள் கேட்டன.

"ஓம் தம்பி. அக்காவும் வந்திருக்கிறா. ஒன்பதாம் திகதி மலை தாண்ட வேணும்."

"ரயரைப் பாத்தன் அண்ணை. போன வருசத்து ரயர். இது போன வருசத்து றோட்டைத்தான் பிடிக்கும்."

"இந்த வருசம் வேற றோட்டோ?"

"போன வருசத்து றோட்டு சித்திரையிலயே உருகிப் போச்சே, அண்ணை. உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. புது ரயர் போடச் சொன்னேன். பனியில் பிடிப்பதற்காக அவன் நான்கு ரயருக்கும் ஆணி அடித்தான். ஒவ்வொரு ஆணிக்கும் கார் ஒருமுறை நெளிந்தது. மலர் முன் பம்பரில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் பொறு. இப்ப முடிஞ்சிடும்" என்றாள்.

அதன் பிறகு கார் நெளியவில்லை.

அடுத்தது, எஞ்சினுக்குள் விடுகிற பச்சைத் தண்ணீர். எவ்வளவு குளிர்வரைக்கும் அது உறையாது என்று பார்க்க அவனிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. உள்ளே ஐந்து சின்ன உருண்டைகள் மிதந்தன. கார் மைனஸ் முப்பத்தைந்து தாங்கும் என்றான். பிறகு அவனுடைய கை மட்டும் வெளியே வந்து அந்தக் குழாயை என் உள்ளங்கையில் வைத்தது. ஓர் உருண்டைதான் மிதந்தது.

"மைனஸ் நாலு. காணாது அண்ணை. நீங்கள்தான் முதல்ல உறைவீங்கள்."

மலரின் கையில் வைத்தான். ஐந்து உருண்டையும் மேலே வந்தன.

"அக்காவைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை" என்றான்.

அவளை யாரோ பாராட்டியது போல மலர் சிரித்தாள். நானும் யோசிக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

காரின் பற்றறியைக் கழற்றி என்னிடம் தந்தான். வெளியே வைத்தால் குளிரில் செத்துவிடும். ஒன்பதாம் திகதிவரைக்கும் வீட்டுக்குள், ஆள் சூட்டில் வைக்க வேண்டும். நாங்கள் அதைக் கட்டிலில் வைத்துப் போர்த்தினோம். மூன்று பேருக்குக் கட்டில் காணாது. மலர் வரவேற்பறைச் சோபாவில் படுத்தாள். அவள் இருமுவது சுவருக்கு அந்தப் பக்கத்தில் கேட்டது. பற்றறி சத்தமில்லாமல் படுத்திருந்தது. நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

பகலில் மலர் மூச்சு விடாமல் இருக்கப் பழகினாள். குசினியில் கதிரையைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். நான் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் நாள் இருபது வினாடி. உதடு நீலமாகிவிட்டது.

"எனக்கு இது லேசாத்தான் இருக்கும்" என்றாள். "எப்பிடியும் நான் அரைவாசி மூச்சுத்தானே விடுறன். மிச்ச அரைவாசியை நிப்பாட்டினாச் சரி."

வெள்ளிக்கிழமை நான்கு நிமிடம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சோறு வேகும்வரைக்கும் இருந்தாள். இரண்டு பேருக்கும் பெருமையாக இருந்தது. நான் அவளுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, இன்னொருமுறை பார்ப்போம் என்றாள். மூச்சு விடத் தொடங்கும்போதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னாள். நிறுத்தியிருக்கும்போது ஒன்றும் தெரியவில்லையாம்.

புதன்கிழமை காலை மலையடிவாரத்துத் தடுப்புக்குப் போனோம். பனி தள்ளுகிற லொறிக்குப் பின்னால் எட்டுக் கார்கள் வரிசையில் நின்றன. நாங்கள் ஒன்பதாவது. மலையைத் தனியாகக் கடக்க முடியாது. லொறி முன்னால் போகும். எல்லோரும் ஒருவருக்குப் பின் ஒருவராக அதன் பின்னால் போக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு காரையும் சோதிப்பார்கள்.

தடுப்பில் நின்ற அதிகாரி ஒரு பெண். அவளுடைய கண்ணிமைகளில் பனி கட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. சீருடையில் அதுவும் சேர்த்தியாக இருக்கலாம்.

"பனி அள்ளும் சவல்?"

"இருக்கிறது."

"இழுக்கும் கயிறு?"

"இருக்கிறது."

"மெழுகுதிரி?"

"பன்னிரண்டு. வழியில் நின்றுவிட்டால் கொளுத்திச் சூடாக்க."

"எதைச் சூடாக்க?"

"எங்களை."

"காரை" என்று திருத்தினாள். "போர்வை?"

மலர் போர்த்தியிருந்த கம்பளியைக் காட்டினேன்.

"அது ஆளின் போர்வை. காரின் போர்வை எங்கே?"

மலர் கம்பளியைக் கழற்றி மடித்துக் காருக்குள் வைத்தாள். அதிகாரி படிவத்தில் ஒரு சரி போட்டாள். பிறகு மறுபக்கத்தைத் திருப்பினாள். அங்கே இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்றில் 'மூச்சு விடுபவர்' என்று இருந்தது. மற்றதில் 'மற்றவர்' என்று இருந்தது.

"இவர் நோயாளி" என்றேன். "நெஞ்சுக்குக் காட்டப் போகிறோம். மூச்சு விடுபவராக இவரைப் போட முடியாதா?"

"முடியும். மூச்சு விடுபவர்தான் ஓட்ட வேண்டும். மூச்சு விடாதவர் ஓட்டினால் கார் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். இவருக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன்?"

மலர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஊருக்கு வந்த இரண்டாம் வருடம், கார் பழகட்டுமா என்று கேட்டாள். நான்காம் வருடமும் கேட்டாள். தொழிற்சாலையில் தன்னோடு மீன் வெட்டுகிற பெண்கள் எல்லோரும் பழகுகிறார்கள் என்றாள். ஏழாம் வருடம் ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்து, குசினியில் நின்றபடியே றோட்டு அடையாளங்களைப் பாடமாக்கினாள். சறுக்கும் பாதை. கற்கள் விழும். மான் கடக்கும். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"ஏன்?" என்று அதிகாரி மறுபடி கேட்டாள்.

"நான் இருக்கிறேன்தானே என்று சொன்னேன்."

அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'நான் இருக்கிறேன்' என்று அதில் எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தை வாங்கினாள். மேலே, மூச்சு விடுபவர்: பேரின்பநாதன். மற்றவர் என்ற இடத்தில் பெயர் எழுதவில்லை. ஒன்று என்று எழுதினாள்.

கடைசியாகக் காரின் பின்பக்கத்தை ஒரு விரலால் அமத்திப் பார்த்தாள். கார் துள்ளியது.

"பாரம் போதாது. மேட்டில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அறுபது கிலோ மணல் ஏற்றுங்கள்."

"மணல் எங்கே?"

"முடிந்துவிட்டது. முன்னால் வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள்."

லொறி ஹோன் அடித்தது. எட்டுக் கார்களும் உறுமின. அதிகாரி மலரைப் பார்த்தாள்.

"எத்தனை கிலோ?"

"ஐம்பத்தெட்டு" என்றாள் மலர்.

"சப்பாத்துடன்?"

"சப்பாத்தோட அறுபது வரும்."

"நல்லது" என்றாள் அதிகாரி. அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வது என்று யோசித்தேன். அதற்குள் மலர் டிக்கியைத் திறந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, பரவாயில்லை" என்றாள். "முன்னுக்கு இருந்தா நான் கண்ணாடியைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். பயத்தில மூச்சு வந்திடும். இஞ்சை இருட்டு. சும்மா கிடக்கலாம்."

"நீர் எப்பிடி மடங்குவீர்?"

"மடங்குவன்."

மடங்கினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். சவலை ஒரு பக்கமாகத் தள்ளி அதற்கும் இடம் விட்டாள்.

"ஏதாவது வேணுமெண்டாத் தட்டும்" என்றேன். "ஒண்டும் இல்லையெண்டாலும் ஒருக்காத் தட்டும்."

"தட்டுறன். கெதியாச் சாத்துங்கோ. ரெண்டு மணிக்கு நிக்க வேணும்."

பிறகு மூக்கால் இழுத்தாள். நீண்ட நேரம் இழுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அவ்வளவு நீளமாக மூச்சு இழுத்து நான் பார்த்ததில்லை. கையால் சைகை காட்டினாள். நான் டிக்கியை மெதுவாக மூடினேன். அது பூட்டவில்லை. இரண்டாம் தடவை பலமாக அடித்தேன்.

மலை நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. வைத்தியசாலை நாற்பத்தொரு கிலோமீற்றர் என்று ஒரு பலகை வந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்பத்து நான்கு என்று இன்னொரு பலகை வந்தது. றோட்டோரத்தில் பனியின் ஆழம் காட்டுகிற கம்புகள் நட்டிருந்தார்கள். முதலில் ஆள் உயரம். பிறகு வீட்டு உயரம். பிறகு கம்புகளின் நுனி மட்டும் மேலே எங்கேயோ தெரிந்தது. நாங்கள் அவற்றின் அடியில் போனோம்.

புது ரயர் நன்றாகப் பிடித்தது. பின்பக்கம் ஒரு தடவைகூட இழுக்கவில்லை. எனக்கு முன்னால் போன நீலக் காரின் சிவப்பு விளக்குகள் தெளிவாகத் தெரிந்தன. கண்ணாடியில் ஒரு பொட்டுப் பனிகூட இல்லை.

"மலர்?" என்றேன்.

ஒரு தட்டுக் கேட்டது.

நான் கதைத்துக்கொண்டே போனேன். வைத்தியசாலையில் தேத்தண்ணி கிடைக்கும் என்றேன். திரும்பும்போது மணல் கிடைக்கும் என்றேன். வசந்த காலத்தில் கார் பழகப் போகலாம் என்றேன். புத்தகம் எங்கே வைத்தனீர் என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு வந்தது. உச்சியில் ஒரு வளைவு. அதைக் கடந்ததும், "குளிருதோ?" என்று கேட்டேன்.

தட்டு வரவில்லை.

வரிசையில் நிற்க முடியாது. நின்றால் முன்னால் போகிற கார் மறைந்துவிடும். அது மறைந்தால் றோட்டும் மறைந்துவிடும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நாங்கள்தான் கடைசி. நான் கண்ணாடியைப் பார்த்தேன். அது கழுவித் துடைத்ததுபோல இருந்தது. ஒரு விரலளவுக்காவது உறையாதா என்று பார்த்தேன்.

"மலர், ஒருக்கா மூச்சு விடும்" என்றேன். "ஒருக்கா விட்டா ஒண்டும் நடக்காது. நான் துடைக்கிறன்."

கண்ணாடி தெளிவாகவே இருந்தது. கீழே வைத்தியசாலையின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் எண்ண முடிந்தது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சேர்ந்தோம். வாசலில் இரண்டு பணியாளர்கள் தள்ளுவண்டியோடு நின்றார்கள். நான் இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். அவர்களும் காரின் முன் கதவைப் பார்க்கவே இல்லை. நேராக டிக்கிக்குப் போனார்கள்.

மலர் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். தானாகவே எழுந்து வெளியே வந்தாள். தள்ளுவண்டியில் ஏற மாட்டேன் என்று கையசைத்தாள். வாசலில் பத்துப் படிகள் இருந்தன. நான் ஆறாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் நிற்காமல் ஏறி என்னைக் கடந்து போனாள்.

வைத்தியர் அவளுடைய முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். மார்பில் வைத்துக் கேட்டார். சுவரில் ஒருமுறை வைத்துக் கேட்டு, குழாய் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"மூச்சு இல்லை" என்றார். "ஆகவே மூச்சுக் கஷ்டமும் இல்லை."

"அப்போ சுகமா?"

"கடிதத்தில் எழுதியிருந்த குறை இப்போது இல்லை."

"மலை தாண்டியாயிற்று. இனி அவள் மூச்சு விடலாம்தானே?"

அவர் கடிதத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இரண்டு மணிக்கு வரச் சொன்னது மூச்சு நோயாளியை. சுவாசப்பையை வேறொருவருக்கு ஒதுக்கியாகிவிட்டது" என்றார்.

நான் மலரைப் பார்த்தேன். "ஏதாவது சொல்லும்" என்றேன். கதைக்க மூச்சு வேண்டும். அவள் என் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள். பிறகு தாதியோடு நடந்து போனாள்.

அவளை ஆறாம் வார்டில் விட்டிருக்கிறார்கள். மலை தாண்டி வந்த மற்றவர்கள் எல்லோரும் அங்கேதான். உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. மூச்சு விடுகிறவர்கள் உள்ளே போனால் அவர்களுக்கு ஆகாதாம். வார்டுக்கும் நடைக்கும் நடுவில் ஒரு நீளமான கண்ணாடிச் சுவர். நடையில் சூடாக்கி இல்லை. மூச்சு விடுபவர்கள் பதினேழு பேர் அங்கே வரிசையாக நிற்கிறோம். எனக்கு முன்னால் வந்த நீலக் காரின் சொந்தக்காரர்தான் எனக்குப் பக்கத்தில்.

"யார்?" என்று முதல் நாள் கேட்டார்.

"மனைவி."

"எனக்கு அம்மா. சின்ன உடம்பு. நாற்பத்தொன்பது கிலோ. மணலும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருந்தது." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மணல் கிடைத்ததா?"

"இல்லை."

"மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நாங்கள் விடுகிற மூச்சில் கண்ணாடிச் சுவர் எங்கள் பக்கமாக உறைந்துபோகிறது. வங்கி அட்டையால் சுரண்டினால் கை அகலத்துக்குத் தெளியும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பதற்குள் மறுபடி வெள்ளையாகிவிடும். உள்பக்கம் அவர்களுக்கு எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் யாரும் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கார் நன்றாக இருக்கிறது. தினமும் காலையில் தரிப்பிடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் ஸ்ராட் பண்ணி வைக்கிறேன். முதல் தடவையிலேயே பிடிக்கிறது. பிறகு நடைக்குத் திரும்பி வந்து என் இடத்தில் நிற்கிறேன். சுரண்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். பிடித்திருக்கும்வரைக்கும் கண்ணாடி உறைவதில்லை.

அப்படித்தான் இத்தனையும் தெரிந்துகொண்டேன். உள்ளே யன்னலோரம் ஒரு மேசை இருக்கிறது. மலரும் நீலக் காரரின் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் அதைச் சுற்றி உட்கார்ந்து, சீட்டுக்கட்டைப் பிரித்துக் கடுதாசி விளையாடுகிறார்கள். மலருக்குக் கடுதாசி விளையாடத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தலைமயிரை வேறு மாதிரிக் கட்டியிருக்கிறாள். கன்னம் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. சிலவேளை நாலு பேரும் வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள்.

நேற்று அவள் கையிலிருந்த கடுதாசிகளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கதிரையைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காது அடைத்தது. பக்கத்தில் நின்றவர் என் கையைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். மலர் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள். முதலில் தோள் திரும்பியது. பிறகு காது தெரிந்தது. பிறகு கன்னத்தின் ஓரம்.

அப்போது எனக்கு மூச்சு வந்துவிட்டது.